அம்மா வீட்டு சென்சார் லைட்: நடைவழியில் அருமை, பாத்ரூமில் ஆபத்து

அம்மா தனியாக இருக்கும் வீட்டில் சென்சார் லைட் போட்டிருக்கிறீர்களே, எப்படி உழைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆள் வந்தால் எரியும், போனால் அணையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வருஷக்கணக்கில் புழங்கிப் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நல்லது. படுக்கையறையிலிருந்து பாத்ரூம் போகிற வழியில், முழங்காலுக்குக் கீழே போட்ட லைட்டுகள் அருமை. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் சேர்வதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அம்மாவுக்கு 78. ராத்திரி சுவரைத் தடவித் தடவி சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு, இப்போது கட்டிலை விட்டு இறங்கியதுமே தரை தெரிகிறது. மிதியடியின் ஓரம் மடங்கிக் கிடந்தால்கூடக் கண்ணில் படுகிறது. மங்கலான மஞ்சள் வெளிச்சம் என்பதால் கண் கூசுவதில்லை, திரும்பி வந்து படுத்தால் தூக்கமும் உடனே வருகிறது என்கிறார்.

போடுவதாக இருந்தால் பக்கச் சுவரில் போடுங்கள். இந்த சென்சார் குறுக்கே கடந்து போகிறவரைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், நேர் எதிரே நடந்து வருகிறவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். கட்டிலைப் பார்த்து வைத்தால் புரண்டு படுக்கும்போதெல்லாம் எரிந்து தொலைக்கும்.

இனி பாத்ரூம். அதே கம்பெனி, அதே லைட்.

இந்த லைட்டில் இருப்பது பி.ஐ.ஆர் என்ற வகை சென்சார். அதற்குத் தெரிவதெல்லாம் உடம்புச் சூடு இடம் மாறுவதுதான். அசையாமல் உட்கார்ந்துவிட்டால் அதன் கணக்கில் ஆளே இல்லை. 30 விநாடியில் லைட் போய்விடும். வெயில் காலத்தில் காற்றே உடம்புச் சூட்டை நெருங்கும்போது இன்னும் மந்தமாகிவிடும். கும்மிருட்டில், ஈரத் தரையில், வெஸ்டர்ன் டாய்லெட்டில் 78 வயதுக்காரர். அவர் என்ன செய்கிறார் தெரியுமா? தலைக்கு மேலே கையை வீசி வீசி ஆட்டுகிறார். எந்தக் கை? கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருக்க வேண்டிய கை. "பழகிடுச்சுப்பா, ஒரு ஆட்டு ஆட்டினா வந்துடும்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

உட்கார்ந்து எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது வயதானவர்களிடம் சகஜம். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளி இறங்கினாலே டாக்டர்கள் அதைக் கவனிக்க வேண்டிய குறையாக எடுத்துக்கொள்வார்கள். தலை லேசாகச் சுற்றுகிற அந்த நேரத்தில் இரண்டு கையும் கம்பியில் இருக்க வேண்டும், கண்ணுக்கு எதிரே ஏதாவது தெரிய வேண்டும். இந்த லைட் இரண்டையும் கெடுக்கிறது.

கம்பெனிக்குப் போன் செய்தேன். நேரத்தைக் கூட்ட வழியில்லையாம். "கையை அசைச்சா எரியும் சார்" என்றார்கள். அதைச் சொல்ல எப்படித்தான் மனம் வந்ததோ! பெட்டியில் பெரிய எழுத்தில் 'முதியோர் பாதுகாப்புக்கு' என்று வேறு போட்டிருக்கிறார்கள்.

நியாயமாகச் சொன்னால், அசையாத ஆளைக் கோட்டைவிடுவதில் பி.ஐ.ஆர் வகை எல்லாமே இப்படித்தான், அதற்கு இந்தக் கம்பெனியை மட்டும் குறை சொல்ல முடியாது. நடைவழிக்கு 30 விநாடி தாராளம். ஒரு லைட்கூட இதுவரை பழுதாகவில்லை. ஆனால் முதியோருக்கு என்று விற்கிறவர்கள், அணையும் நேரத்தைப் பத்து நிமிடம் வரை கூட்டிக்கொள்ள ஒரு சின்னத் திருகு வைத்திருக்கலாமே?

மூச்சு விடும் அசைவைக்கூடக் கண்டுபிடிக்கிற ரேடார் சென்சார்கள் இருக்கின்றன. பாத்ரூமுக்கு அவை பொருந்தும். ஆனால் மரக் கதவையும் ஊடுருவிப் பார்க்கும் என்பதால், வெளியே யாராவது நடந்தாலும் எரியும். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. பாத்ரூமில் சென்சாரைக் கழற்றிவிட்டு அரை வாட் எல்.இ.டி பல்ப் மாட்டிவிட்டோம், ராத்திரி முழுக்க எரிகிறது. பத்து மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு 0.15 யூனிட்தான். அம்மாவின் இரண்டு கையும் இப்போது கம்பியில் இருக்கிறது.

ஐந்துக்கு இரண்டு ஸ்டார். அதற்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை. நடைவழி லைட் நாளைக்கே பழுதானாலும் இதையேதான் மறுபடி வாங்குவேன், அது வேறு விஷயம்.