வண்டலூரா, பன்னேர்கட்டாவா? பிள்ளைகளோடு சஃபாரி செல்வோருக்கு ஓர் ஒப்பீடு

வேலூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பகுதிகளில் வசிக்கும் குடும்பங்கள், காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பும்படியாகப் பிள்ளைகளுக்குச் சிங்கத்தைக் கூண்டுக்கு வெளியே காட்ட விரும்பினால், சென்னைப் பக்கம் வண்டலூருக்கும் பெங்களூருப் பக்கம் பன்னேர்கட்டாவுக்கும் இடையில்தான் தேர்வு செய்ய வேண்டியிருக்கும். இரண்டிலுமே சொந்தக் காரில் சஃபாரிக்குள் நுழைய முடியாது; பூங்காவின் வண்டியில்தான் ஏற வேண்டும். இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதைக் கவனிக்காமல் போய், பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்புவோர் இன்னும் இருக்கிறார்கள்.

1855-இல் சென்னை நகருக்குள் தொடங்கிய பழைய உயிரியல் பூங்கா 1985-இல் வண்டலூருக்கு இடம்பெயர்ந்து, அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக இன்று சுமார் 602 ஹெக்டேரில் விரிந்திருக்கிறது. கொரோனா காலத்துக்குப் பின் நெடுநாள் நின்றிருந்த சிங்க சஃபாரி 2023-இல் மீண்டும் தொடங்கப்பட்டது. ஆனால் வண்டலூரின் அருமை சஃபாரியில் இல்லை என்பது என் கருத்து. சிங்கம் ஒரு நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும் விலங்கு என்பதால், புதர் நிழலில் படுத்திருக்கும் ஒன்றிரண்டைப் பார்ப்பதோடு பேருந்துச் சுற்று முடிந்துவிடுவதும் உண்டு. மர நிழல் அடர்ந்த நீண்ட பாதைகளில் நடந்தோ, வாடகைச் சைக்கிளிலோ, பேட்டரி வண்டியிலோ நம் விருப்பம்போல் நின்று நின்று பார்ப்பதில்தான் அந்தப் பூங்கா தன்னைக் காட்டுகிறது. மின்சார ரயிலிலேயே வந்து இறங்கலாம் என்பதும், கிளாம்பாக்கம் பேருந்து முனையம் அருகிலேயே இருப்பதும் கார் இல்லாத குடும்பங்களுக்குப் பெரிய வசதி.

சஃபாரிக்காகவே போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது பன்னேர்கட்டாதான். அங்கே ஒரே சுற்றில் மான், காட்டெருது போன்ற தாவர உண்ணிகளைக் கடந்து, கரடி, சிங்கம், புலி என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக வேலியிட்ட காட்டுப் பகுதிகளுக்குள் வண்டி போகிறது. 2024-இல் சிறுத்தைகளுக்கும் ஒரு பகுதி சேர்ந்தது. ஒவ்வொரு பகுதியின் நுழைவிலும் இரட்டைக் கதவுகள் இருக்கின்றன. வண்டி முதல் கதவைத் தாண்டி நின்று, அது பின்னால் மூடப்பட்ட பிறகே அடுத்த கதவு திறக்கிறது. அந்தச் சில நொடிகளில் பேருந்து முழுவதும் பேச்சடங்கிப் பிள்ளைகள் கம்பி வலையோடு ஒட்டிக்கொள்வதைப் பார்க்கலாம்.

பன்னேர்கட்டாவில் என்னை அதிகம் நிற்க வைப்பவை கரடிகளே. கலந்தர் சமூகத்தினர் மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்து, பல்லைப் பிடுங்கி, தெருத்தெருவாக ஆட வைத்த கரடிகளை மீட்டுப் பராமரிக்கும் மையம் இங்கே இயங்கிவருகிறது. அப்படி வளர்ந்த கரடியால் காட்டில் தானே இரை தேடிப் பிழைக்க முடியாது என்பதால், அதற்கு இந்த வேலிக்குள் கிடைக்கும் மண்ணும் மரமும்தான் மிஞ்சியிருக்கும் காடு. பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். புலியைப் பார்க்கும் அவசரத்தில் கரடிகளை யாரும் கவனிப்பதில்லை.

குறைகளும் உண்டு. வார இறுதியில் கூட்டம் மிகுதி. இணையத்தில் முன்பதிவு செய்யாமல் போனால் வரிசையிலேயே பாதி நாள் கரைந்துவிடும். பாதுகாப்பையும் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது: 2025 ஆகஸ்டில் சஃபாரி வண்டியின் ஜன்னல் வழியாகச் சிறுத்தை ஒன்று சிறுவனின் கையைக் கீறியது. படம் எடுக்கும் ஆசையில் கைபேசியை ஜன்னல் இடைவெளியில் நுழைப்பதை எந்த வண்டியிலும் பெற்றோர் அனுமதிக்கக் கூடாது.

இந்த இரண்டுக்கும் மாற்றாக முதுமலையைச் சொல்வோர் உண்டு. தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டியில் செல்லும் அந்தப் பயணம் வேலியில்லாத காட்டுக்குள் நடப்பது. யானைக் கூட்டமும் எதிர்ப்படலாம், புள்ளிமானும் மயிலும் மட்டுமே கண்ணில் பட்டுத் திரும்பவும் நேரலாம். ஓர் இரவாவது தங்க வேண்டும், நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், வண்டிக்குள் சத்தமின்றி உட்கார வேண்டும். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு அது ஏமாற்றமாகவே முடியும். பத்து வயதைத் தாண்டி, காத்திருக்கப் பழகிய பிள்ளைக்குப் பன்னேர்கட்டாவை விடவும் அதையே நான் பரிந்துரைப்பேன்.