பட்டினி போட்டு மீன் வளர்க்கும் அட்டவணை: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

திலேப்பியா வளர்க்கிறேன். இந்தத் தொழிலில் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடும். அந்த வலியைத் தெரிந்துகொண்டு வந்த ஓர் ஆலோசகரை நம்பி ஐந்து மாத உழைப்பை இழந்திருக்கிறேன்.

அவர் விற்றது ஓர் அட்டவணை. பத்து நாள் தீவனம் கிடையாது, அடுத்த இருபது நாள் வயிறு நிறைய, இப்படியே மாற்றி மாற்றி. "விட்ட எடையை மீன் பிடித்துவிடும், அதற்கு மேலும் வளரும், தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்" என்றார். கையில் ஓர் ஆய்வுக் கட்டுரையும் வைத்திருந்தார்.

கட்டுரை பொய்யில்லை. அதனால்தான் விழுந்தேன். பட்டினிக்குப் பிறகு மீன் வழக்கத்தைவிட வேகமாக வளர்வது உண்மைதான். ஈடுசெய் வளர்ச்சி என்பார்கள். பட்டினி கிடக்கும்போது மீன் ஈரலில் சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைக்கோஜனையும் வயிற்றுக் கொழுப்பையும் கரைத்து உயிர் பிடித்திருக்கும். மறுபடி தீவனம் விழுந்ததும் பசி அடங்காமல் சில நாள் அளவுக்கு மீறித் தின்னும். 1997-இல் ஹேவர்ட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் சன்ஃபிஷ் என்ற நன்னீர் மீனின் கலப்பினத்துக்கு இரண்டு நாள் பட்டினி, பிறகு அந்தப் பெரும்பசி அடங்கும்வரை தீவனம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். தினமும் தின்ற மீன்களைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் அவை வளர்ந்தன. ஆலோசகர் காட்டியது இதைத்தான்.

அவர் மறைத்தது என்னவென்றால், அந்த மீன்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வைக்கப்பட்டவை. அதே குழுவினர் மீன்களைக் கூட்டமாக வைத்துச் செய்த ஆய்வு 2000-இல் வந்தது. அதில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் கடல்நீரில் வளர்த்த கலப்பினத் திலேப்பியாவைப் பற்றியும் ஓர் ஆய்வு வந்திருக்கிறது: 1 வாரம் பட்டினி கிடந்தவை எடையைப் பிடித்துவிட்டன, 2 வாரம், 4 வாரம் கிடந்தவை கடைசிவரை பின்தங்கியே நின்றன. நான் வளர்ப்பதே திலேப்பியா! இரண்டு நாளைப் பத்து நாளாக நீட்டி விற்றவர் இதையல்லவா முதலில் காட்டியிருக்க வேண்டும்?

குளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பத்து நாள் கழித்துத் தீவனம் போட்டபோது தண்ணீரே கொதிப்பதுபோல் மீன்கள் பாய்ந்தன. பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் முன்னால் நின்று தின்றதெல்லாம் பெரிய மீன்கள். சிறியவை ஓரத்திலேயே நின்றன, சிலவற்றுக்குத் துடுப்பு கடிபட்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பெரியது பெருத்தது, சிறியது தேங்கியது. ஒரே மூச்சில் அவ்வளவு தீவனம் உள்ளே போனதால் ஆக்சிஜனும் குறைந்தது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கின. தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைக் கூடுதல் நேரம் ஓட்ட வேண்டியதாயிற்று.

எடை பார்க்க அந்த ஆலோசகர் வந்த நாட்களை இப்போது நினைத்தால்தான் கோபம் வருகிறது. தீவனம் போடும் இடத்திலேயே, மீன்கள் தின்று முடித்த கையோடு, வீச்சு வலை வீசுவார். அங்கே நிற்பவை பெரிய மீன்கள்தானே? அவற்றின் வயிற்றில் இருந்த தீவனமும் சேர்ந்துதான் தராசில் ஏறியது. அதோடு, பட்டினி முடிந்த அன்றைய எடையோடு ஒப்பிட்டு, "இத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது" என்பார். பள்ளத்திலிருந்து ஏறுகிற மீனுக்குச் சதவீதம் பெரிதாகத்தான் வரும். பக்கத்துக் குளத்து எடையோடு வைத்துப் பாருங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

அந்தப் பக்கத்துக் குளத்தில் இருந்ததும் அதே குஞ்சுகள்தான், அதே நாளில் விட்டவை. தினமும் தீவனம். அறுவடையில் அங்கே சராசரி 480 கிராம். பட்டினிக் குளத்தில் 390, அதிலும் பல மீன்கள் 200-ஐத் தாண்டவில்லை. தீவனத்தில் கொஞ்சம் மிச்சம்தான். ஆனால் எடைக் குறைவும், சிறியவை விலை போகாததும் அதை விழுங்கிவிட்டன. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டேன். உங்கள் தண்ணீர் சரியில்லை என்று சொல்லிவிட்டு, அப்புறம் அழைப்பை எடுப்பதே இல்லை.

மழை மூட்டத்திலோ, மீனைப் பிடித்து வண்டியில் ஏற்றும் முன்போ ஓரிரு நாள் தீவனத்தை நிறுத்துவது வேறு. அதை நானும் செய்கிறேன். வாரக்கணக்கில் பட்டினி போடச் சொல்லி யாராவது வந்தால், உங்கள் இன மீனில், கூட்டமாக வளர்த்த குளத்தில், இழு வலை போட்டு எடுத்த அறுவடைக் கணக்கைக் கேளுங்கள். பக்கத்தில் தினமும் தீவனம் போட்ட குளத்தின் கணக்கும் இருக்க வேண்டும்.

விலை போகாத சிறிய மீன்களைத் தனித் தொட்டியில் விட்டிருக்கிறேன். பெரியவற்றின் தொல்லை இல்லாமல் இப்போது ஆவலாகத் தின்கின்றன. நன்றாகவே வளர்கின்றன. விற்பனைக்கு வர இன்னும் இரண்டு மாதமாவது ஆகும்.