ஓணமா, நவராத்திரியா, ஐப்பசி ஆறாட்டா: திருவனந்தபுரத்துக்கு எப்போது போகலாம்?

ஆவணி பிறந்ததும் குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிற எங்களுக்கு வெளியூர்ச் சொந்தங்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். “திருவனந்தபுரம் சுத்திப் பாக்கணும், எப்ப வரட்டும்?” ஆவணியில் ஓணம் வாரம், புரட்டாசியை ஒட்டி நவராத்திரி, ஐப்பசியில் சாமியைக் கடலுக்குக் கொண்டுபோய் நீராட்டும் பத்மநாபசுவாமி கோவில் ஆறாட்டு என்று அடுத்தடுத்து மூன்று வைபவங்கள். மூன்றுக்கும் போய்வர எந்தக் குடும்பத்துக்கும் லீவு கிடைக்காது. இந்த முறை மதுரையிலிருந்து அக்காவும் அத்தானும் பிள்ளைகளோடு வந்தார்கள். கூடவே முழங்கால் வலிக்காரியான அம்மா. நாங்கள் நவராத்திரியைத் தேர்ந்தெடுத்தோம். அடுத்த முறை யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஓணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேரள அரசின் சுற்றுலாத் துறை ஒரு வாரம் நடத்தும் கொண்டாட்டம் அது. கனகக்குன்று அரண்மனை வளாகமும் நிசாகந்தி அரங்கமும் நிரம்பி வழியும். கவடியாரிலிருந்து கிழக்கேகோட்டை வரைக்கும் அரசுக் கட்டடங்கள் எல்லாம் விளக்கு அலங்காரத்தில் நிற்கும். அலுவலக வாசல்களில் அத்தப்பூக்கோலம், ஓட்டல்களில் சத்யா என்கிற ஓண விருந்து, கடைசி நாளில் வெள்ளயம்பலத்திலிருந்து கிழக்கேகோட்டைக்கு அலங்கார வண்டிகளும் நாட்டுப்புறக் கலைஞர்களுமாகப் பெரிய ஊர்வலம். பிள்ளைகளுக்கு இதைவிடக் குஷியான வாரம் கிடையாது. இளவட்டங்கள் நாலு பேர் சேர்ந்து போய், அறை எடுத்துத் தங்கி, நடுராத்திரி வரை சுற்றுவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓணத்துக்கே போகலாம்.

ஐப்பசி ஆறாட்டு வேறு ரகம். மலையாளத்தில் அல்பசி உற்சவம் என்பார்கள். பத்து நாள் திருவிழா, துலா மாத (நம் ஐப்பசி) திருவோண நட்சத்திரத்தன்று ஆறாட்டோடு முடியும். முந்தின இரவு பள்ளிவேட்டை. இளநீரை வேட்டைப் பொருளாக வைத்து அம்பு எய்வது வழக்கம். மறுநாள் மாலை பத்மநாபரும் நரசிம்மரும் கிருஷ்ணரும் கருட வாகனத்தில் மேற்குக் கோட்டை வாசல் வழியே புறப்பட்டு சங்குமுகம் கடற்கரைக்குப் போவார்கள். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவர் உருவிய வாளோடு முன்னே நடப்பார். அந்தப் பாதை விமான நிலையத்தின் ஓடுதளத்தைக் கடந்துதான் போகிறது. அதற்காக வருஷத்துக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், சில மணி நேரம் விமானப் போக்குவரத்தையே நிறுத்திவைக்கிறார்கள். சாமி போவதற்காக ஓடுதளம் காலியாகக் கிடக்கும் ஊர் நம் பக்கத்திலேயே இருக்கிறது என்று நினைத்தாலே எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் ஆறாட்டை நான் வள்ளக்கடவுச் சாலையோரம் நின்று பார்த்ததோடு சரி. பள்ளிவேட்டையை நேரில் கண்டதில்லை, கடற்கரைச் சடங்கையும் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. ஆகவே ஐப்பசியைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். மழையைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடியும் மின்னலுமாகக் கொட்டும். ஆறாட்டு புறப்படுவதோ சாயங்காலம்.

இனி நவராத்திரி. எல்லைப்புறத்துக்காரர்களுக்கு இந்த விழா திருவனந்தபுரத்தில் தொடங்குவதில்லை, நம் தெருவிலேயே தொடங்குகிறது. எங்கள் மாவட்டத்துப் பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்தபோது நவராத்திரி அங்கேயே நடந்தது. தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனதும் சாமிகளும் ஆண்டுதோறும் அங்கே போய்வர ஆரம்பித்தார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நடுவில் மாநில எல்லை விழுந்த பிறகும் அந்தப் பயணம் நிற்கவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை இன்றைக்கும் கேரள அரசின் பராமரிப்பில்தான் இருக்கிறது.

போகிறவர்கள் மூவர். பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. இந்தச் சரஸ்வதியைக் கம்பர் பூஜித்தார் என்பது ஐதீகம். கம்பர் சேர மன்னரிடம் அம்மனை ஒப்படைத்து, நவராத்திரி பூஜை விடாமல் நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதாக எங்கள் பக்கம் சொல்வார்கள். அரண்மனையின் உப்பரிகை மாளிகையில், ஊர்வலத்தோடு போகிற மன்னரின் உடைவாள் கைமாறும். சரஸ்வதி யானை மேல், மற்ற இருவரும் பல்லக்கில். முதல் இரவு குழித்துறை, மறுநாள் களியக்காவிளை எல்லையில் வரவேற்பு, அன்றிரவு நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் கரமனை வழியாகத் திருவனந்தபுரம் கோட்டைக்குள். இரண்டு மாநிலப் போலீஸும் அணிவகுப்பு மரியாதை கொடுக்கும்.

சாலையோரத்து வீடுகளில் அன்றைக்குக் காலையிலேயே வாசல் தெளித்து, ஸ்டூல் மேல் வாழையிலை விரித்து, நிலவிளக்கும் பூவும் பழமும் தேங்காயும் வைத்துக் காத்திருப்பார்கள். காற்றுக்குத் திரி அணையாமல் இருக்க வீட்டுப் பெரியவர் ஒருவர் விளக்குக்குப் பக்கத்தில் விசிறியைத் தடுப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். யானை வருகிற சத்தம் கேட்டதும் லாரிக்காரர்களே ஓரம் கட்டி இறங்கிக் கும்பிடுவார்கள். அக்கா பிள்ளைகள் இருவரும் அதை எங்கள் வாசலிலிருந்தே பார்த்தார்கள். டிக்கெட் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. ஒரு விழாவின் முதல் பாதியை வீட்டு வாசலிலும் அடுத்த பாதியை நகரத்திலும் பார்க்கிற வாய்ப்பு ஓணத்திலும் கிடையாது, ஆறாட்டிலும் கிடையாது.

நகரத்துக்குப் போனதும் சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் அமர்வாள். குமாரசுவாமி ஆரியசாலை கோவிலிலும், முன்னுதித்த நங்கை செந்திட்டை கோவிலிலும் இருப்பார்கள். மண்டபத்தில் ஒன்பது நாளும் மாலை ஆறிலிருந்து எட்டரை வரை கச்சேரி. சுவாதித் திருநாள் மகாராஜா நவராத்திரிக்கென்றே இயற்றிய ஒன்பது கீர்த்தனைகளில் ஒரு நாளைக்கு ஒன்று என்பது கணக்கு. சங்கராபரணத்தில் தொடங்கி கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி என்று போய் ஆரபியில் முடியும். இது சாமிக்கான ஆராதனை என்பதால் பாட்டு முடிந்தாலும் கைதட்டல் கிடையாது. நீண்ட காலம் ஆண்கள் மட்டுமே பாடிவந்த அந்த மேடையில் 2006-இல் முதல் பெண்ணாகப் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். களியக்காவிளையைத் தாண்டியதும் வருகிற அதே பாறசாலைதான். அதைச் சொன்னபோது அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

மண்டபத்துக்குள் இடம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். முன்கூட்டியே போனால்தான் உள்ளே உட்காரலாம். ஆண்கள் வேட்டியில் வர வேண்டும். நாங்கள் போன பைரவி நாளில் வெளிப்புறம்தான் இடம் கிடைத்தது. சங்கீத ஞானம் அதிகம் இல்லாத அத்தான் கூட அசையாமல் உட்கார்ந்திருந்தார். கச்சேரியை எடைபோடும் அளவுக்கு எனக்கும் ஞானம் கிடையாது. அந்த இடத்தின் அமைதி எங்கள் எல்லாருக்கும் பிடித்திருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இதையெல்லாம் தாண்டி, முடிவை உறுதி செய்த விஷயம் ஒன்று உண்டு. ராத்திரி வீடு திரும்புவது. நகரத்துக்குள் தங்கப் போகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எல்லைப்புறத்திலிருந்து போய்விட்டு அன்றைக்கே திரும்புகிறவர்களுக்கு எல்லாமே இதில்தான் இருக்கிறது.

ஓணத்தின் அழகு இருட்டிய பிறகு தொடங்குகிறது. விளக்கு பார்க்க வேண்டுமென்றால் ஏழு மணிக்காவது கவடியார் பக்கம் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் முழு நகரமும் அதே சாலையில்தான் இருக்கும். பல இடங்களில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், ஆட்டோ கிடைக்காது. கனகக்குன்றிலிருந்து தம்பானூர் பஸ் நிலையம் வரை கூட்டத்தோடு கூட்டமாக நடக்க வேண்டும். நம் பக்கம் வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். அப்புறம் கரமனை, நேமம் தாண்டி பாலராமபுரம் சந்திப்பில் வண்டி நின்றால் நின்றதுதான். கடைசி நாள் ஊர்வலத்துக்கு நகரத்தில் அரசு அலுவலகங்களுக்கே மத்தியானத்துக்கு மேல் விடுமுறை விடுகிறார்கள் என்றால் நெரிசலை யோசித்துக்கொள்ளுங்கள். சொந்தக் கார் என்றால் நிறுத்த இடம் தேடியே பாதி மாலை போய்விடும்.

ஆறாட்டில் சிக்கல் வேறு மாதிரி. சங்குமுகம் நகரத்தின் மேற்கு விளிம்பில் இருக்கிறது. சாமி கடற்கரையை அடைவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தீப்பந்தங்களோடு திரும்பி வருவது அதற்கும் பிறகு. ஊர்வலப் பாதை மூடியிருக்கும்போது கடற்கரையிலிருந்து தம்பானூருக்கு வந்து சேர்வதே தனிப் பயணம், அதற்குப் பிறகுதான் நம் ஊர் பஸ்.

நவராத்திரியில் கச்சேரி எட்டரைக்கு முடிகிறது. மண்டபத்திலிருந்து கிழக்கேகோட்டை பஸ் நிலையம் மெதுவாக நடந்தால் கூட சில நிமிஷம். அங்கிருந்து தம்பானூர் ஒரு கிலோமீட்டர் சொச்சம். நகரத்தில் எந்தச் சாலையும் அதற்காக அடைபடவில்லை. “மக்களே, எனக்கு ரொம்ப நேரம் நிக்க முடியாது பாத்துக்கோ” என்று கிளம்பும்போதே அம்மா சொல்லியிருந்தாள். அன்றைக்கு முழுவதும் அவள் நின்றது பஸ் ஏறுகிற நேரத்தில் மட்டும்தான். களியக்காவிளை வரை முப்பது கிலோமீட்டர் சாலையும் ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் தூங்குவதற்குள் வீட்டுக்கு வந்து கஞ்சியும் பயறும் சாப்பிட முடிந்தது.

சிற்பம், ஓவியம், கட்டடம் பார்க்கிற ஆசை உள்ளவர்களுக்கும் நவராத்திரிதான் தோது. இவை வருஷம் முழுக்க அங்கேயேதான் இருக்கின்றன, சரி. ஆனால் ஓண வாரத்தில் மியூசியம் வளாகத்தில் நின்று நிதானமாக எதையும் பார்க்க விடாது கூட்டம். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிசோம் வடிவமைத்து 1880-இல் முடிந்த நேப்பியர் மியூசியத்தை நவராத்திரி வார நாளின் காலையில் சுற்றிப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளுமான சுவர்களையும் கூரை முகப்புகளின் மர வேலைப்பாட்டையும் ஒவ்வொரு பக்கமாக நின்று ரசிக்கலாம். அதே வளாகத்தில் ரவிவர்மா ஓவியங்கள். பிறகு தம்பானூரில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ்; செங்கல்லில் சுருள் சுருளாக மேலேறும் கட்டடம், சரிவுப் பாதையிலேயே மேஜைகள். பிள்ளைகள் உச்சி வரை ஏறி இறங்கினார்கள், அம்மா கீழ் மேஜையிலேயே காபி குடித்தாள்.

மாலையில் கோட்டைக்குள் குதிரை மாளிகை, மண்டபத்தை ஒட்டியே இருக்கிறது. கூரைக்குக் கீழே வரிசையாக 122 மரக் குதிரைகள். அதற்கு அடுத்து பத்மதீர்த்தக் குளத்தின் எதிரே மேத்தன் மணி என்கிற கடிகாரம். தாடி வைத்த ஒரு முகம், இரண்டு பக்கமும் ஆட்டுக்கடாக்கள். மணி அடிக்கும்போது முகம் வாய் திறக்கும், கடாக்கள் இரண்டும் வந்து கன்னத்தில் முட்டும். ஐந்து மணி அடிப்பதற்காக அக்கா மகன் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றான். அடித்து முடிந்ததும் ஆறு மணிக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டான்.

இந்த விஷயத்தில் ஆறாட்டுக்கு ஒரு இடத்தில் முன்னுரிமை கொடுத்தாக வேண்டும். சங்குமுகத்தில் சிற்பி கானாயி குஞ்ஞிராமனின் ஜலகன்னிகை, அதாவது கடற்கன்னி சிலை, இருக்கிறாள். 1969-இல் மலம்புழையில் யட்சி சிலையைச் செய்த அதே கை. கடலைப் பார்த்து நீண்டு படுத்திருக்கும் அந்த உருவத்தை அந்திவெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஆறாட்டுக்குப் போகிறவர்களுக்கு அது தானாகவே கிடைக்கும். 2020-இல் அதன் அருகில் பழைய ஹெலிகாப்டர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியபோது சிற்பி வெளிப்படையாக எதிர்த்தார். அவர் பக்கம்தான் நியாயம். ஒரு சிற்பத்துக்கு அதைச் சுற்றிய வெற்றிடமும் சொந்தம். நவராத்திரிக்குப் போகிறவர்கள் கோட்டையிலிருந்து கடற்கரைக்குத் தனியாக ஆட்டோ பிடித்துப் போய்வர வேண்டும். அன்றைக்கே கச்சேரியும் கேட்பது என்றால் நேரம் இழுக்கும். நாங்கள் விட்டுவிட்டோம்.

யாருக்கு எது என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். தங்கிப் பார்க்கிறவர்களுக்கு ஓணம். மழைக்கு அஞ்சாத, கூட்டத்தில் நடக்கத் தெம்புள்ள பக்தர்களுக்கு ஆறாட்டு. வயதானவர்களும் பிள்ளைகளுமாகப் போய் அன்றைக்கே திரும்ப வேண்டிய வீடுகளுக்கு நவராத்திரி. திங்கட்கிழமை வேண்டாம், அன்றைக்கு மியூசியம் மூடியிருக்கும்; புதன்கிழமை காலையிலும் திறக்காது. விஜயதசமியன்று போனால் கச்சேரி இருக்காது. அதற்குப் பதிலாக குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் பூஜப்புரைக்கு எழுந்தருளுவதைப் பார்க்கலாம். அங்குள்ள சரஸ்வதி மண்டபத்தில் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் கூட்டமும் பெரிதாக இருக்கும். எதற்கும் போக முடியாதவர்கள் அதற்குப் பிறகு சாமிகள் ஊர் திரும்புகிற நாட்களை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வந்த சாலை வழியாகவே திரும்புவார்கள்.