பிரதியிடலா, நீக்கலா? ஒரே கணக்கு, நான்கு வழி

இரண்டு மாறிகள் உள்ள இரண்டு நேரிய சமன்பாடுகளைத் தீர்க்கப் பாடப்புத்தகம் நான்கு வழி சொல்லும்: வரைபடம், பிரதியிடல், நீக்கல், குறுக்குப் பெருக்கல். விடை எதில் போட்டாலும் ஒன்றுதான். ஆனால் எந்த இடத்தில் கை தவறும் என்பது வழிக்கு வழி மாறும். ஒரே கணக்கை எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்துவிடலாம். (எக்ஸ், ஒய் என்று பழகியவற்றை இங்கே த, ம என்று எழுதுகிறேன்.)

2த + 3ம = 13
5த − 2ம = 4

முதலில் பிரதியிடல். மேல் வரியிலிருந்து த = (13 − 3ம)/2. இதைக் கீழே வைத்தால் 5(13 − 3ம)/2 − 2ம = 4. பின்னம் வந்துவிட்டது. அதைப் போக்க எல்லா உறுப்பையும் 2-ஆல் பெருக்க வேண்டும்: 65 − 15ம − 4ம = 8. அந்த −2ம-ஐப் பெருக்காமல் அப்படியே இறக்கிவிடுவதுதான் இந்த முறையில் அடிக்கடி நடக்கும் பிழை. தப்பித்துவிட்டால் 19ம = 57; ம = 3, த = 2.

இப்போது நீக்கல். மேல் வரியை 2-ஆலும் கீழ் வரியை 3-ஆலும் பெருக்கினால்:

4த + 6ம = 26
15த − 6ம = 12

கூட்டினால் ம போய்விடும்; 19த = 38, த = 2. பின்னமே இல்லை. இங்கே ஆபத்து கழித்தலில்தான். குறிகள் ஒன்றாக இருந்து, ஒரு வரியை இன்னொன்றிலிருந்து கழிக்க நேர்ந்தால், முதல் உறுப்பை ஒழுங்காகக் கழித்துவிட்டு இரண்டாவதன் குறியை மாற்ற மறந்துவிடுவோம். கீழ் வரியை −1-ஆல் பெருக்கி எழுதிவிட்டுக் கூட்டுவது என் வழக்கம். ஒரு வரி கூடும், பரவாயில்லை.

இரண்டிலும் 19 வந்ததைக் கவனித்தீர்களா? அது தற்செயல் இல்லை. குறுக்குப் பெருக்கலுக்கு 2த + 3ம − 13 = 0, 5த − 2ம − 4 = 0 என்று எழுதிக்கொண்டால், அதன் சூத்திரப்படி

த/(−38) = ம/(−57) = 1/(−19)

அதே 19, குறியோடு. த, ம இரண்டின் கெழுக்களை (அவற்றின் முன்னால் நிற்கும் எண்களை) குறுக்காகப் பெருக்கிக் கழித்தால் கிடைப்பது அது: 2×(−2) − 3×5 = −19. இந்த எண்ணுக்கு அணிக்கோவை என்று பெயர். இப்படிப்பட்ட சமன்பாடுகளைத் தீர்க்க சுவிஸ் கணிதவியலாளர் கிராமர் 1750-இல் வெளியிட்ட விதியிலும் பின்னத்தின் கீழே, பகுதியில் உட்கார்ந்திருப்பது இதுதான். பிரதியிடலும் நீக்கலும் பெயர் சொல்லாமல் இதைத்தான் கணக்கிடுகின்றன.

அப்படியானால் சூத்திரத்தையே மனப்பாடம் செய்துவிடலாமே? நான் செய்ய மாட்டேன். எந்தக் கெழுவுக்குப் பின் எந்தக் கெழு என்ற வரிசை பிசகினால் பிழை எங்கே என்று தேடக்கூட முடியாது. மாறிகள் கூடும்போது இன்னும் மோசம். 10 மாறிகளுக்கு அணிக்கோவையை அப்படியே விரித்தால் 36,28,800 உறுப்புகள். நீக்கலில் அதே கணக்கு சில நூறு பெருக்கல்களில் முடிந்துவிடும். கணினிகள் நீக்கலின் பக்கம் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே என் ஓட்டு பெரும்பாலும் நீக்கலுக்குத்தான். ஆனால் ஒரு வரி ஏற்கெனவே ம = 3த − 7 என்று தயாராக நின்றால் பிரதியிடலே சரி. அதை 2த + 5ம = 16-இல் போட்டால் 17த = 51, த = 3, ம = 2; வேலை முடிந்தது. இரண்டில் ஒன்று வட்டத்தின் சமன்பாடு என்றாலும் பிரதியிடல்தான் கைகொடுக்கும்.

சில கணக்குகள் எந்த முறையையும் கேட்பதில்லை:

37த + 43ம = 123
43த + 37ம = 117

இதை 43-ஆலும் 37-ஆலும் பெருக்கத் தொடங்குபவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கூட்டினால் 80த + 80ம = 240, அதாவது த + ம = 3. கழித்தால் ம − த = 1. அப்புறம் ம = 2, த = 1 என்பதற்குப் பேனாவே வேண்டாம்.

வரைபடத்தை விட்டுவிட்டேனே. விடை கண்டுபிடிக்க அது மட்டம். வெட்டும் புள்ளி 17/19 போல ஒன்றாக இருந்தால் கட்டத்தாளில் எப்படிப் படிப்பது? ஆனால் மற்ற மூன்றும் காட்டாததை அது காட்டும். 2த + 3ம = 6, 4த + 6ம = 17 என்ற இரண்டை நீக்கலில் போட்டால் 0 = 5 என்று வந்து நிற்கும்; எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று அழித்துவிட்டு மறுபடி போடுவோம். வரைந்தால் இரண்டும் இணைகோடுகள், தீர்வே இல்லை என்பது பார்த்ததுமே தெரியும்.

அதைவிடச் சுவையானது கிட்டத்தட்ட இணையாக ஓடும் கோடுகள். த + ம = 2, த + 1.01ம = 2.01 என்றால் விடை த = 1, ம = 1. அந்த 2.01-ஐ 2.02 ஆக்குங்கள்: த = 0, ம = 2. நூற்றில் ஒரு பங்கு நகர்ந்ததற்கு விடை ஒரு முழு எண் தள்ளிப்போய்விட்டது. அணிக்கோவை இங்கே வெறும் 0.01. வரைந்து பார்த்தால் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படுத்தாற்போல் கிடக்கும். எந்த இடத்தில் வெட்டுகின்றன என்று பென்சில் முனையால் தொட்டுக் காட்ட முடியாது.