சென்னை வெயிலில் ஓர் ஆட்டோமேட்டிக் பிக்கப்: கியர்பாக்ஸுக்கு வீட்டிலேயே செய்த பராமரிப்பும் மேம்பாடும்

டொயோட்டா ஹைலக்ஸ் இந்தியாவில் விற்பனைக்கு வந்த 2022-ஆம் ஆண்டிலேயே அதன் ஆட்டோமேட்டிக் வகையை வாங்கினேன். 2.8 லிட்டர் டீசல் எஞ்சின், 204 பி.எஸ். திறன், 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஆறு வேக கியர்பாக்ஸ். வார நாட்களில் தாம்பரத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் இடையே நெரிசலில் ஊர்ந்து போவதும், அவ்வப்போது சேலம், நாமக்கல் வழியாகக் கொல்லிமலைக்கு ஏறி, குடும்ப நிலத்தில் விளைந்த மிளகையும் பலாவையும் ஏற்றிக்கொண்டு இறங்குவதும்தான் இந்த வண்டியின் வேலை. எஞ்சினைப் பற்றியும் சஸ்பென்ஷனைப் பற்றியும் பலர் எழுதிவிட்டார்கள். நான் கியர்பாக்ஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சென்னையில் ஓடும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயுளை முடிவு செய்வது அதற்குள் இருக்கும் ஆயிலின் வெப்பமும் சுத்தமும்தான் என்பதும், எந்தப் பாகத்தையும் வாங்கி மாட்டுவதற்கு முன் அந்த வெப்பத்தை அளந்து பார்த்துவிட வேண்டும் என்பதும் இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

கையால் கியர் மாற்றும் வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் தட்டு இருப்பதுபோல, ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எஞ்சின் பக்கத்து விசிறி ஆயிலைச் சுழற்றி வீச, அந்த வேகத்தில் கியர்பாக்ஸ் பக்கத்து விசிறி சுழல்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழலாதபோது இடையில் வீணாகும் ஆற்றல் ஆயிலில் வெப்பமாக இறங்குகிறது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது லாக்-அப் கிளட்ச் இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிடுவதால் இந்த வெப்பம் வெகுவாகக் குறைந்துவிடும். நின்று நின்று நகரும்போதும், லோடுடன் மேடு ஏறும்போதும் கிளட்ச் பிணையாமல் ஆயில் சூடாகிக்கொண்டே போகும். ஆயில் சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு 10 அல்லது 11 டிகிரி உயர்வுக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இத்தொழிலில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் கணக்கு. இதைத் துல்லியமான விதியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் வெப்பம் எந்த அளவுக்கு ஆயிலைத் தின்னும் என்பதைப் புரிந்துகொள்ள இது உதவுகிறது.

இந்த வெப்பத்தைக் காட்டும் முள் எதுவும் டேஷ்போர்டில் கிடையாது. கூலன்ட் முள் நடுவில் அசையாமல் நிற்கும்போதே கியர்பாக்ஸ் ஆயில் கொதித்துக்கொண்டிருக்கலாம். அதனால் நான் முதலில் வாங்கியது வண்டியின் கணினித் தகவல்களைப் படிப்பதற்கான ஓ.பி.டி. போர்ட்டில் செருகும் புளூடூத் ரீடர். கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பத்தைக் கைப்பேசியில் காட்டும்படி அதை அமைத்துக்கொண்டு, பாகம் எதையும் மாற்றாமல் பல மாதங்கள் வெறுமனே கவனித்தேன். செங்கல்பட்டைத் தாண்டிய நெடுஞ்சாலையில் 80-ஐ ஒட்டியே நின்றது. கத்திரி வெயில் நாட்களில், மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் குறுகிப்போன ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) ஊரும்போது 95-ஐத் தாண்டியது. கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லோடுடன் ஏறியபோது பாதி மலையிலேயே 110-ஐத் தொட்டது. நகர நெரிசலும் மலையேற்றமும் இரு வேறு சிக்கல்கள் என்பது இந்த எண்களிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. மலையில் கடும் வெப்பம் கொஞ்ச நேரம் தாக்குகிறது. நகரத்திலோ நடுத்தர வெப்பம் நாள்தோறும், மணிக்கணக்கில் ஆயிலை வாட்டுகிறது.

ஆயில் மாற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். “இது லைஃப்டைம் ஆயில் சார், திறக்கவே வேண்டாம்” என்று பல பட்டறைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். மிதமான வெயிலில், லோடு இல்லாமல் ஓடும் வண்டிக்கு அது ஓரளவு பொருந்தலாம். நம் ஊருக்குப் பொருந்தாது என்று உறுதியாகச் சொல்வேன். அந்த ஆயில் உயவு எண்ணெய் மட்டும் கிடையாது. வால்வுகளை இயக்கும் அழுத்தத்தைக் கடத்துவதும், கியர்பாக்ஸுக்குள் கியரை மாற்றும் கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்பதை வேதிச்சேர்க்கைகளால் தீர்மானிப்பதும், வெப்பத்தைச் சுமந்து வெளியே கொண்டுபோவதும் அதே ஆயில்தான். அந்தச் சேர்க்கைகள் வெப்பத்தில் சிதையும்போது கியர் மாறுவதில் ஒரு சிறு தயக்கமோ உதறலோ முதலில் தெரியும். ஆயில் வகையில் நான் எந்த விட்டுக்கொடுப்பும் செய்வதில்லை. டொயோட்டா குறிப்பிடும் டபிள்யூ.எஸ். வகை, பழைய டெக்ஸ்ரான் 3 வகையைவிடப் பிசுபிசுப்பு குறைந்தது. எல்லாம் ஒரே சிவப்பு ஆயில்தானே என்று எதையாவது ஊற்றினால் கிளட்ச் பிடிக்கும் தன்மையே மாறிவிடும்.

சேம்பரின், அதாவது கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியின், டிரெயின் பிளக்கைக் கழற்றி வடித்தால் உள்ளே இருக்கும் ஆயில் முழுவதும் வந்துவிடாது. பெரும்பகுதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். ஒருமுறை வடித்து நிரப்பினால் 40 விழுக்காடு புதிதாகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் முறையில் 64 விழுக்காடும் மூன்றாம் முறையில் 78 விழுக்காடும் புதிதாகும். நான் இதை ஒரே நாளில் செய்யாமல், இடையே சில வாரங்கள் வண்டியை ஓட்டிவிட்டு அடுத்த முறை வடிக்கிறேன். இயந்திரம் வைத்து அழுத்தத்தில் ஒரேயடியாகக் கழுவி மாற்றும் முறையைவிட இது மெதுவானது; ஆனால் மூலையில் படிந்த துகள்களைக் கிளப்பி, ஆயில் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு பாடிக்குள் தள்ளிவிடும் அபாயம் இதில் இல்லை என்பதால் என் மனம் இதைத்தான் ஏற்கிறது. உத்தரவாதக் காலத்தில் செய்த முதல் மாற்றத்தை மட்டும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் செய்து ரசீதை வைத்துக்கொண்டேன்.

வீட்டில் செய்பவர்களுக்கு உண்மையில் கடினமான பகுதி அளவு பார்ப்பது. இந்த கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியர் நிலையிலும் சில விநாடிகள் வைத்து மீண்டும் பார்க்கிங்குக்கு வந்து, ஆயில் குறிப்பிட்ட வெப்பத்தில், அதாவது ஏறக்குறைய 40 டிகிரியில் இருக்கும்போது ஓவர்ஃபுளோ பிளக்கைக் கழற்ற வேண்டும். மிகுதியான ஆயில் வடிந்து, மெல்லிய இழையாகி, சொட்டுச் சொட்டாக மாறும்போது பிளக்கை மூடினால் அளவு சரி. சூடான ஆயில் விரிந்திருக்கும். ஆகவே அதிக வெப்பத்தில் திறந்தால் தேவைக்கு மேல் வடிந்து, ஆறிய பின் ஆயில் குறைவாகிவிடும். ஆயில் கூடிப்போனாலும் சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்று இருப்பதால் அழுத்தம் நிற்காது.

இங்கேதான் சென்னை குறுக்கே வருகிறது. மே மாத நண்பகலில் நிழலிலேயே 38, 40 டிகிரி இருக்கும்போது, எஞ்சினை ஓடவிட்டு வண்டிக்கு அடியில் படுப்பதற்குள் ஆயில் அந்த அளவைக் கடந்துவிடும். அதனால் இந்த வேலையை மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைக்கு ஒதுக்கிவைத்திருக்கிறேன். இரவு முழுதும் நின்ற வண்டியில் ஆயில் 25 டிகிரிக்கு அருகில் இருக்கும். அது 40-ஐ எட்டும்வரை பதறாமல் வேலை செய்யப் போதுமான நேரம் கிடைக்கிறது. பிக்கப் உயரமாக இருப்பதால் ஜாக்கி இல்லாமலேயே அடியில் நுழைந்துவிடலாம். சமதளம் கெடாமல் இருப்பதற்கு அதுவே நல்லது. நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக்கை இழுத்துவிட்டு, உள்ளே ஒருவரை பிரேக் மேல் கால் வைத்து உட்காரச் சொல்லாமல் நான் அடியில் படுப்பதில்லை. என் தம்பி கைப்பேசியைப் பார்த்து “முப்பத்தெட்டு… முப்பத்தொன்பது… இப்ப திறண்ணா” என்று சொல்ல, நான் அலன் கீயைத் திருப்புவது எங்கள் வீட்டில் ஆண்டுக்கொரு வழக்கமாகிவிட்டது.

சேம்பரைக் கழற்றும்போது முதலில் நான் பார்ப்பது அடியில் ஒட்டியிருக்கும் சிறு காந்தங்களை. அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பசை படிந்திருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் நீரில் குழைத்த விபூதிபோல வழுவழுப்பாக இருக்க வேண்டும். அது கிளட்ச் தட்டுகளும் கியர்களும் தேய்வதால் வரும் இயல்பான இரும்புத் துகள். விரலில் நெருடினாலோ, மின்னும் செதில்கள் தெரிந்தாலோ, அங்கே வீட்டு வேலை முடிந்தது. வண்டியைத் தேர்ந்த பட்டறைக்கு இழுத்துச் செல்ல வேண்டியதுதான். ஆயில் பழுப்பேறியிருப்பது மட்டும் கவலைக்குரிய அறிகுறி ஆகாது; கருகிய வாடை வந்தால் கவலைப்படலாம். சேம்பர் போல்ட்டுகள் சிறியவை. கை பலத்தில் முறுக்கினால் பேக்கிங் பிதுங்கிக் கசியும் என்பதால் முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். டிரெயின் பிளக்கின் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுகிறேன்.

உத்தரவாதக் காலம் முடிந்த பின்னரே கூடுதல் ஆயில் கூலரைப் பொருத்தினேன். அடுக்குத் தகடு வகைக் கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்து, அதற்கான பிராக்கெட்டைக் கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் அளவு கொடுத்துச் செய்துகொண்டேன். ரேடியேட்டரின் துடுப்புகளுக்குள் பிளாஸ்டிக் இழையைக் குத்திக் கட்டும் முறையைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அதிர்வில் உராய்ந்து ரேடியேட்டரையே ஓட்டையாக்கிவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹோஸ், ஏ.டி.எஃப். எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கூலன்ட் வழிக் குளிர்விப்பை நீக்கிவிட்டுக் காற்றுக் கூலரை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. உள்ளே கசிவு ஏற்பட்டால் கூலன்ட் ஆயிலில் கலந்து கிளட்ச் தட்டுகளின் ஒட்டுப் பரப்பையே உரித்துவிடும் என்ற அவர்களுடைய அச்சம் நியாயமானது. ஆனால் நெரிசலில் நிற்கும் வண்டிக்கு முன்னாலிருந்து காற்று வராது. அப்போது வெப்பத்தை வாங்கிக்கொள்வது கூலன்ட்தான். நகரத்தில் ஓடும் வண்டிக்கு இரண்டும் வேண்டும் என்பது என் முடிவு. அதற்கு ஈடாகக் கூலன்டைக் காலந்தவறாமல் மாற்றுகிறேன்.

பலன் எண்களில் தெரிந்தது. கொல்லிமலை ஏற்றத்தில் அதே லோடுடன் வெப்பம் 95-ஐ ஒட்டி நின்றது. ஓ.எம்.ஆர். நெரிசலில் வித்தியாசம் ஐந்தாறு டிகிரிதான். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அதற்குமேல் எதிர்பார்க்கவும் கூடாது. கூலர், ஹோஸ், பிராக்கெட் எல்லாம் சேர்த்து ரூ.25,000-க்குள் முடிந்தது. மலைப்பாதையோ லோடோ இல்லாமல் நகரத்துக்குள் மட்டுமே ஓட்டுபவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. அதே பணத்தில் ஆயிலை இன்னும் அடிக்கடி மாற்றலாம்.

நம் ஊரில் பலரும் யோசிக்காத ஒரு பாகம் பிரீதர் குழாய். கியர்பாக்ஸுக்குள் காற்று விரிந்து சுருங்க இடம் கொடுக்கும் சிறு மூச்சுக்குழாய் இது. சூடான கியர்பாக்ஸ் திடீரென வெள்ளநீரில் மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த வண்டி 700 மில்லிமீட்டர் ஆழ நீரில் செல்லும் என்று நிறுவனம் சொல்கிறது. ஆனால் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வெள்ளம் அந்தக் கணக்கைப் பார்த்து வருவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த பிறகு, கியர்பாக்ஸ், சக்கர அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் இரண்டின் பிரீதர்களையும் ரப்பர் ஹோஸ் மூலம் எஞ்சின் அறையின் மேற்பகுதிவரை நீட்டிவிட்டேன். செலவு சில நூறு ரூபாய்தான், பயனோ மிகப் பெரியது. ஆழ்ந்த நீரில் ஓட்டிய பின் ஆயிலைச் சிறிதளவு வடித்துப் பார்ப்பது அவசியம். வெளிறிய இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

லாக்-அப் கிளட்ச்சைக் கையால் பிணைக்கும் மின்னணுக் கருவிகளை நான் நாடவில்லை. கியரை நாமே மட்டுப்படுத்தும் எஸ் நிலையில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரைப் பிடித்துவைத்தாலே ஏற்றத்தில் கியர் அங்குமிங்கும் மாறித் தவிப்பது நிற்கிறது, இறக்கத்தில் பிரேக்கும் காய்வதில்லை. பாட்டிலில் விற்கும் கூடுதல் ரசாயனங்களையும் ஊற்றியதில்லை.

வடித்த பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து, முறைப்படி எடுத்துச் செல்பவர்களிடம் கொடுக்கும் பட்டறையில் ஒப்படைக்கிறேன். 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. மழைநீர் வடிகாலில் ஊற்றினால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கோ கடலுக்கோதான் போய்ச் சேரும். இனி என் பட்டியலில் இருப்பது கூலர் ஹோஸ்களைச் சோதிப்பது. கடற்காற்றின் உப்பு கிளாம்ப்களில் துருவாக ஏறத் தொடங்கியிருப்பதால், கிளாம்ப்களைத் துருப்பிடிக்காத எஃகு வகைக்கு மாற்றிவிட்டு, ஹோஸ்களின் முனைகளில் வெடிப்பு தெரிந்தால் அவற்றையும் மாற்றிவிடுவேன்.