பள்ளி வானியல் மன்றத்துக்கு எந்தத் தொலைநோக்கி? எங்கள் 6 அங்குல டாப்சோனியன் பற்றி

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் முடித்திருக்கிறேன். எங்கள் பள்ளி வானியல் மன்றத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை பிள்ளைகள் இருக்கிறோம். 2025 ஆகஸ்டில், முன்னாள் மாணவர்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்று வாங்கினோம் (தரையில் வைத்துக் கையால் திருப்பும் வகை; 6 அங்குலம் என்பது ஒளியைச் சேர்க்கும் ஆடியின், அதாவது வளைந்த கண்ணாடியின், விட்டம்). மன்றச் செயலாளர் என்பதால் அதைத் தூக்குவது, பொருத்துவது, சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காட்டுவது எல்லாம் பெரும்பாலும் என் வேலை. வாங்க யோசிக்கும் பள்ளிகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூட்டமாகப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, நாற்பதாயிரத்தை ஒட்டிய செலவில், இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை.

இதற்கு முன் எங்களிடம் இருந்தது முக்காலியில் நிற்கும் 76 மி.மீ. தொலைநோக்கி. அதன் பெட்டியில் '525 மடங்கு' என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று எங்கள் இயற்பியல் மிஸ் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். தொலைநோக்கியின் குவியத் தொலைவு 700 மி.மீ. அதை 4 மி.மீ. ஐபீஸால் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு வில்லை) வகுத்தால் 175. அதற்கு முன்னால் உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ வில்லை ஒன்றைச் சொருகினால் 525. கணக்கு சரிதான். ஆனால் ஆடியின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான் உருப்படியாகப் பயன்படும் உச்சவரம்பு. 76க்கு அது சுமார் 150. அதற்கு மேல் போனால் நிலா பெரிதாகும், கலங்கலாகவும் ஆகும். அதோடு அந்த முக்காலி! யாராவது பக்கத்தில் நடந்தாலே படம் ஆடும். திருகைத் திருகி முடிப்பதற்குள் கோள் பார்வையை விட்டுப் போய்விடும். வரிசையில் காத்திருந்த பிள்ளைகள் பலர் எதையும் பார்க்காமலேயே "பார்த்துட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது.

டாப்சோனியன் அந்தப் பிரச்சினையைத்தான் தீர்க்கிறது. முக்காலி கிடையாது, மோட்டார் கிடையாது. தரையில் உட்காரும் ஒரு மரப்பெட்டி, அதன்மேல் ஒரு நீளக் குழாய். கையால் தள்ளினால் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும். இந்த அமைப்பைப் பரப்பிய ஜான் டாப்சன் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்தத் துறவியாக அமெரிக்காவில் இருந்தவர். கிடைத்த கண்ணாடிகளைத் தானே தேய்த்து ஆடி செய்தவர். 1967இல் மடத்தைவிட்டு வெளியேற வேண்டி வந்தது. அதன் பிறகு சான்பிரான்சிஸ்கோ நடைபாதையில் தொலைநோக்கியை வைத்துப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். எளிய ஆட்கள் எளிய பொருளால் செய்து, கூட்டத்துக்குக் காட்டுவதற்கென்றே பிறந்த அமைப்பு இது. பள்ளிக்கு ஒத்துப்போவதில் ஆச்சரியமில்லை.

எங்களுடையது 150 மி.மீ. விட்டமுள்ள பரவளைய ஆடி, 1200 மி.மீ. குவியத் தொலைவு. பெட்டியில் 25 மி.மீ., 10 மி.மீ. என்று இரண்டு ஐபீஸ்கள் வந்தன. அதாவது 48 மடங்கு, 120 மடங்கு. குறி பார்க்க ஒரு சிவப்புப் புள்ளி ஃபைண்டர். பழைய தொலைநோக்கியோடு ஒப்பிட்டால் உருப்பெருக்கம் காகிதத்தில் குறைவு. ஆனால் சேரும் ஒளி கிட்டத்தட்ட நான்கு மடங்கு, வித்தியாசம் கண்ணிலேயே தெரிகிறது. அடிப்பெட்டியைப் பொருத்த ஒரு மாலை நேரம் போதும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே செய்தார்கள். வந்தபோது அடிப்பலகையின் ஒரு மூலை உடைந்திருந்தது. விற்றவர்கள் மாற்றித் தர ரொம்ப நாள் இழுத்தடித்தார்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்திருந்ததால்தான் கடைசியில் கிடைத்தது. நீங்களும் எடுத்து வையுங்கள்.

முதல் பெரிய வேலை செப்டம்பர் 7 முழுச் சந்திர கிரகணம். இரவு 11 மணிக்கு நிலா முழுவதும் நிழலுக்குள் போய் 12:22 வரை செம்பு நிறத்தில் இருந்தது. மேகம் வந்து வந்து போனது. 25 மி.மீ. ஐபீஸில் ஒரு டிகிரி அகலம் தெரியும், நிலா அரை டிகிரிதான், அதனால் முழு நிலாவும் சுற்றி இருந்த மங்கலான நட்சத்திரங்களும் ஒரே பார்வையில் கிடைத்தன. ராத்திரி நேரம் என்று பெண்பிள்ளைகளை அனுப்ப வீடுகளில் தயங்கினார்கள். மிஸ் ஒவ்வொருவர் வீட்டுக்கும் பேசினார், நிறைய அம்மாக்கள் கூடவே வந்தார்கள். கிரகண நேரத்தில் சாப்பிடக் கூடாது என்று ஒரு பாட்டி சொன்னார். மிஸ் கொண்டு வந்திருந்த சுண்டலை எல்லார் முன்னாலும் தானே முதலில் சாப்பிட்டார். அப்புறம் அந்தப் பாட்டியே தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, தன் பேத்திக்கு இடம் விடாமல் நின்றுகொண்டிருந்தார்.

சனியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புத்தகப் படத்தை நினைத்துக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு இந்த முறை ஏமாற்றம்தான். 2025 மார்ச்சில் வளையத்தின் தளம் பூமிக்கு நேராக வந்தது, நவம்பரிலும் சாய்வு மிகக் குறைவு. எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்திய மாதிரிதான் தெரிந்தது. சனி சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 29 ஆண்டு ஆகிறது, அதில் இரண்டு முறை இப்படி நடக்கும் என்று விளக்கிய பிறகு, அந்த ஊசியைப் பார்ப்பதே ஓர் அதிர்ஷ்டம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். வருடாவருடம் வளையம் விரியும். இப்போது ஆறாம் வகுப்பில் இருப்பவர்கள் பிளஸ் டூ வருவதற்குள் அகலமான வளையத்தைப் பார்ப்பார்கள். ஒரே தொலைநோக்கியில், ஒரே மைதானத்தில்.

வியாழன்தான் எங்களுக்கு எல்லாமாகவும் இருந்தது. ஜனவரி 10 அன்று சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வந்தது, புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில். 48 மடங்கிலேயே நான்கு துணைக்கோள்களும் தெரியும். 120 மடங்கில் இரண்டு பட்டைகளும் தெளிவாகத் தெரியும், காற்று அமைதியாக இருக்கும் இரவுகளில் அதற்கு மேலும் சில விவரம் கிடைக்கும். வியாழன்மேல் வீசும் பெரும் புயலான பெரிய சிவப்புப் புள்ளி எங்களில் சிலருக்கு மட்டும் பிடிபட்டது, அதை எதிர்பார்த்து வாங்க வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கு நோட்டில் ஒரு வட்டம் போட்டு, துணைக்கோள்கள் எந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில் என்று ஒவ்வொரு இரவும் புள்ளி வைத்தார்கள். அயோ வியாழனைச் சுற்ற 42 மணி நேரம்தான். ஒரே மாலையில் தொடக்கத்தில் பார்த்தபோது இருந்த இடமும் மூடும்போது இருந்த இடமும் வேறு என்று ஒரு பெண் நோட்டைக் காட்டி நிரூபித்தாள். பாடத்தில் படித்தால் வராத நம்பிக்கை அது.

இப்போது குறைகள். கோள் ஓடிக்கொண்டே இருக்கும். பூமி சுழல்வதால், 10 மி.மீ. ஐபீஸில் நடுவில் வைத்த வியாழன் ஒரு நிமிடத்துக்குள் விளிம்பைத் தாண்டிவிடும். 25 மி.மீ.யில் இரண்டு நிமிடம் கிடைக்கும். "அக்கா, ஓடிப் போயிடுச்சு!" என்ற கூப்பாடுதான் எங்கள் மைதானத்தில் அதிகம் கேட்கும். இதற்கு ஒரு வழி உண்டு: கோளை நடுவில் வைக்காமல் அது நுழையும் விளிம்பிலேயே வைத்து விடுங்கள். பிள்ளை கண்ணை வைக்கும்போது அது உள்ளே வந்து, குறுக்கே போய், மறுபக்கம் வெளியேறும். இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். சின்னக் குழந்தைகளுக்கு 48 மடங்கே போதும்.

இன்னொரு குறை நம் ஊருக்கே உரியது. வெளிநாட்டு விமர்சனங்களில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. தலைக்கு நேர் மேலே இருப்பதை இந்த அமைப்பில் தொடர்வது கடினம். அங்கே வானத்தில் கொஞ்சம் நகர, அடிப்பெட்டியை நிறையச் சுற்ற வேண்டியிருக்கும். திருப்பத்தூர் 12.5 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இந்த ஆண்டு வியாழன் எங்களுக்கு உச்சிக்குப் பத்து டிகிரிக்குள் வந்தது. கார்த்திகைக் கூட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான். மார்ச்சில் இருட்டும்போதே வியாழன் உச்சியில் நின்றதால் ஃபைண்டரில் குறி பார்க்கக் கழுத்தை முறிக்க வேண்டியிருந்தது. ஜனவரியில் எட்டு மணிக்குக் கிழக்கே இருந்தபோது பார்த்ததுதான் சுகம். எதையும் உச்சிக்கு வருவதற்கு முன்பே பார்த்துவிடத் திட்டம் போடுங்கள்.

குழாய்க்குள் இருக்கும் ஆடிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும் நிலை, தூக்கி வைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கலையும். அதைச் சரிசெய்ய எந்தக் கருவியும் பெட்டியில் வரவில்லை. ஐபீஸ் துளைக்குப் பொருந்தும் பிளாஸ்டிக் மூடி ஒன்றின் நடுவில் சின்ன ஓட்டை போட்டு அதன் வழியாகப் பார்த்து, பின்னாலுள்ள திருகுகளைத் திருகிச் சரிசெய்கிறோம். பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை. அடிப்பலகை மரத்தூள் பலகை, ஈரம் பட்டால் உப்பிவிடும், பனி நாட்களில் முடித்ததும் துடைத்துத்தான் ஆய்வகத்தில் வைக்க வேண்டும். ஆடியை மட்டும் துணியால் துடைக்கவே கூடாது. சிவப்புப் புள்ளி ஃபைண்டரை யாராவது அணைக்க மறந்தால் பட்டன் பேட்டரி காலி, உபரியாக ஒன்று எப்போதும் பெட்டியில் இருக்கட்டும்.

சூரியனைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பழைய தொலைநோக்கியோடு ஐபீஸில் திருகும் ஒரு கருப்புச் 'சூரிய வடிகட்டி' வந்திருந்தது. மிஸ் அதை அன்றைக்கே சுத்தியலால் உடைத்துப் போட்டார். குவிந்த வெப்பம் அந்தக் கண்ணாடியில்தான் இறங்கும், அது விரிசல் விட்டால் கண் போய்விடும். குழாயின் முன்வாயை முழுவதும் மூடும் சூரியப் படலத்தைத் தனியாக வாங்கினோம். அது மிஸ் பீரோவில் பூட்டி இருக்கிறது. அவர் பக்கத்தில் இல்லாமல் பகலில் தொலைநோக்கி வெளியே வராது. அப்படிப் பார்த்த சூரியப் புள்ளிகள் எங்கள் அறிவியல் கண்காட்சியில் கூட்டத்தை நிறுத்திவைத்தன.

கோள்களைத் தாண்டினால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும். ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் இளஞ்சிவப்பாகத் தெரியாது, சாம்பல் நிறப் புகைதான். ஆனால் அதன் நடுவே நான்கு நட்சத்திரங்கள் நெருங்கி நிற்பது அழகாகத் தெரியும். ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் திரள் ஒரு மங்கலான திட்டு. ஹைமாஸ் விளக்கு எரியும் மைதானத்தில் அதுவும் கிடையாது. பஞ்சாயத்தில் கேட்டு மன்ற நாட்களில் மட்டும் அதை அணைக்க ஏற்பாடு செய்தோம். இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்க டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டோம். போனை எடுத்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

அந்த இருட்டில் கிடைத்த மிகப் பெரிய பரிசு ஒமேகா சென்டாரி. மே நடுவில் இரவு பத்து மணிக்குத் தெற்கே முப்பது டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட கூட்டம், 17,000 ஒளியாண்டு தொலைவில். லண்டனில் இது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. எங்களுக்கு நேரே தெரிகிறது. 6 அங்குலத்தில் வெறும் பஞ்சாக இல்லாமல் தனித்தனிப் பொடி நட்சத்திரங்களாகப் பிரிய ஆரம்பிக்கும். தேர்வெல்லாம் முடிந்த விடுமுறை என்பதால் அன்றைக்கு யாருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை. வியாழனைவிட இதைத்தான் நான் அதிகம் நேசிக்கிறேன்.

எங்கள் மாவட்டத்திலேயே காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் வந்துவிடும். மன்றத்தோடு போயிருந்தோம். 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. ராமானுஜன் பெயர் சூட்டப்பட்ட சிறுகோள் 1988இல் அங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது. கூட வந்த ஏழாம் வகுப்புப் பையன் விட்டங்களைக் கேட்டு நோட்டில் வகுத்துப் பார்த்து, "நம்மதைவிட 243 மடங்கு வெளிச்சம் சேர்க்கும் அக்கா" என்றான். சரியான கணக்கு. எங்கள் தொலைநோக்கியின் அடியைப் பிரித்துப் பார்த்திருந்ததால், அந்தப் பெரிய குழாயில் ஆடி எங்கே இருக்கும், ஏன் அங்கே இருக்கும் என்று எல்லாருக்கும் புரிந்தது.

யாருக்கு இது வேண்டாம்? படம் எடுப்பதுதான் நோக்கம் என்றால் வேண்டாம். நிலாவைப் போனில் எடுக்கலாம், அதற்கு மேல் முடியாது. மாடிப்படி ஏறித்தான் வானம் தெரியும் என்றாலும் யோசியுங்கள், இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். இரவு எட்டு மணி வரை கூட நிற்க ஓர் ஆசிரியர் இல்லையென்றால் எந்தத் தொலைநோக்கியும் பீரோவில்தான் கிடக்கும்.

கையில் இன்னும் கொஞ்சம் பணம் மிஞ்சினால் 8 அங்குலத்துக்குப் போகாமல், 6 அங்குலத்தோடு ஒரு நல்ல 32 மி.மீ. ஐபீஸும் சூரியப் படலமும் வாங்குங்கள். பெரியது இன்னும் கனம், ஆறாம் வகுப்புக் கைக்கு அடங்காது. ஜூனில் வாங்கினால் முதலில் தென்மேற்குப் பருவ மேகம், பிறகு வடகிழக்கு மழை என்று பாதி ஆண்டு உறைக்குள்ளேயே போய்விடும். டிசம்பர் கடைசியில் கைக்கு வரும்படி ஆர்டர் செய்யுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் நமக்குத்தான்.