மெனு எங்கே இருந்தால் நல்லது: திரையின் உச்சியிலா, விண்டோவுக்குள்ளா?

ஆப்பிளின் மேக் கணினியில் எந்த புரோகிராமைத் திறந்தாலும் ஃபைல், எடிட் எல்லாம் திரையின் உச்சி விளிம்பில்தான் இருக்கும். 1984-இல் வந்த முதல் மேக்கின்டாஷிலிருந்தே அப்படித்தான். விண்டோஸில் வழக்கமாக அந்தந்த விண்டோவுக்குள், டைட்டில் பாருக்குக் கீழே. விண்டோஸ் முறைதான் சரி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன், வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மெனு இருக்கிறதே என்று.

ஆனால் தூரம் மட்டும் கணக்கில்லை. மவுஸ் அம்பு எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் க்ளிக் விழுவது அதன் நுனியில் உள்ள ஒரே ஒரு பிக்சலில்தான். விண்டோவுக்குள் இருக்கும் ஒல்லியான மெனுப் பட்டையில் அந்த நுனியை நிறுத்த வேண்டுமானால், வேகமாகப் போன கை கிட்டே வந்ததும் தயங்கி, கொஞ்சம் தாண்டி, திரும்பக் கீழே இறங்க வேண்டியிருக்கும். குறி சிறிதாக ஆக, தூரமாக ஆக நேரம் கூடும் என்று பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-இலேயே சொல்லிவிட்டார். திரை விளிம்பில் இந்தத் தயக்கமே தேவையில்லை. மவுஸை எவ்வளவு வேகமாக மேலே தள்ளினாலும் அம்பு விளிம்பில் முட்டி நின்றுவிடும், மெனு அங்கேயே இருக்கும். சுவரில் சாய்த்து வைப்பது மாதிரி.

விண்டோஸ் 95-இல் ஸ்டார்ட் பட்டனை மூலையில் வைத்தார்கள், இரண்டு விளிம்பு சேரும் அருமையான இடம், ஆனால் பட்டனுக்கும் ஓரத்துக்கும் நடுவே சில பிக்சல் இடைவெளி விட்டுவிட்டார்கள். அம்பை மூலைக்குத் தள்ளி க்ளிக் செய்தால் ஒன்றும் நடக்காது! பின்னால் வந்த விண்டோஸில்தான் அது சரியானது.

ஒரு மெனு வரியிலிருந்து பக்கவாட்டில் விரியும் துணை மெனுவிலும் மேக்குக்கே என் ஓட்டு. அதற்குக் குறுக்காகப் போகும்போது அம்பு வழியில் மற்ற வரிகளைத் தொடும், அதில் துணை மெனு மூடிவிடக் கூடாது. மேக்கில் அம்பைக் குறுக்காக நகர்த்தினால் துணை மெனுவுக்குத்தான் போகிறோம் என்று திசையை வைத்தே புரிந்துகொண்டு அதைத் திறந்தே வைத்திருக்கும். விண்டோஸ் இதை 400 மில்லிசெகண்ட் காத்திருந்து சமாளித்தது, அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன இழுவை.

சரி, விண்டோஸ் முறை எங்கே ஜெயிக்கிறது? பெரிய மானிட்டரில். கீழ் மூலையில் சின்ன விண்டோவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் உச்சிக்குப் போய் வந்தால் மணிக்கட்டு வலிக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு திரை வைத்தால் இன்னும் மோசம், கீழ்த்திரையின் உச்சியில் அம்பு முட்டாது, மேல்திரைக்குள் வழுக்கிப் போய்விடும், விளிம்பால் வந்த லாபம் மொத்தமும் போச்சு. அதோடு, மேக்கில் உச்சியில் தெரிவது எந்த புரோகிராமின் மெனு என்று அடிக்கடி ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும்.

லேப்டாப்பின் ஒற்றைத் திரைக்கு உச்சி மெனு, பெரிய மேசைக்கு விண்டோ மெனு, என் கை சொல்வது இதுதான். லினக்ஸ் வகையான உபுண்டு, 2011-இல் யூனிட்டி என்ற புதிய திரை அமைப்போடு மெனுவை உச்சிக்குக் கொண்டுபோய், அப்புறம் 14.04 பதிப்பில் விண்டோவிலேயே வைத்துக்கொள்ளவும் வசதி கொடுத்தது. அந்த ஒரு செட்டிங்கை மேக்கும் கொடுக்க வேண்டும்.